"நாம் என்ன டிவியா விற்கிறோம்?"

கேள்வி: சலவைத் தூளும் பாத்திரம் துலக்கும் திரவமும் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் மார்க்கெட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். ஜனவரியில் லாஸ் வேகஸில் நடக்கும் சி.இ.எஸ். தொழில்நுட்ப மாநாட்டுக்குச் சென்றுவர அனுமதி கேட்டேன். "நாம் என்ன டிவியா விற்கிறோம்? அங்கே பேசுவதெல்லாம் அன்றைக்கே இணையத்தில் வந்துவிடுகிறது. இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாமே" என்றார் நிதிப் பிரிவுத் தலைவர். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரியோ என்றுகூடத் தோன்றுகிறது. என்னைப் போன்றவர்கள் அங்கே போவதில் பொருள் உண்டா? போனால் எதைப் பார்ப்பது? நான்கு நாளும் தங்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நிதிப் பிரிவுத் தலைவர் கேட்ட இரண்டும் நல்ல கேள்விகள். ஆண்டு தவறாமல் அங்கே போய்வருகிறவர்களில் பலரிடம் இவற்றுக்குப் பதில் கிடையாது. 'நாலு பேரைத் தெரிந்துகொள்ளலாம்' என்று மழுப்பிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாமல் உட்கார்ந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் டிவி விஷயம். சி.இ.எஸ். 1967-ல் நியூயார்க்கில் தொடங்கியபோது அவர் கேட்டிருந்தால் அந்தக் கேள்வி பொருத்தமாக இருந்திருக்கும். அன்றைக்கு அது டிவி, ரேடியோ விற்பவர்களின் சந்தை. இன்றைய நிலை வேறு. 2019-ல் பி அண்ட் ஜி முதன்முறையாக அங்கே அரங்கு அமைத்தது. சோப்பும் டயப்பரும் விற்கும் நிறுவனம், அதாவது உங்கள் தொழில்தான். அதே ஆண்டு இம்பாசிபிள் ஃபுட்ஸ் தன் தாவர இறைச்சியின் இரண்டாவது வடிவத்தை அங்கே அறிமுகப்படுத்தி, மின்னணுச் சாதனங்களைப் பற்றி எழுதவந்த செய்தியாளர்களைப் பர்கர் பற்றி எழுத வைத்தது. 2023-ல் டிராக்டர் தயாரிக்கும் ஜான் டீரின் தலைவர் மைய உரை ஆற்றினார். 2024-ல் அழகுசாதன நிறுவனமான லோரியல், சில்லறைக் கடைகள் நடத்தும் வால்மார்ட் இரண்டின் தலைவர்களும் மேடை ஏறினார்கள். இவர்களில் யாருக்கும் டிவி தயாரிப்பது தொழில் அல்ல.

"பெரிய நிறுவனங்களுக்குப் பணம் இருக்கிறது, வேடிக்கை காட்டுகிறார்கள்" என்று அவர் சொல்லலாம். அதிலும் உண்மை உண்டு. 2020-ல் பி அண்ட் ஜி, கழிவறையில் காகிதம் தீர்ந்துபோனால் புதுச் சுருளைக் கொண்டுவந்து தரும் குட்டி ரோபோ ஒன்றைக் காட்டியது. விற்பதற்காகச் செய்ததல்ல, செய்தியாளர்களுக்கு வீசிய தூண்டில். நன்றாகவே மாட்டினார்கள். ஆகவே அந்த உதாரணங்களை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, அவரிடம் வேறொரு கணக்கைச் சொல்லுங்கள். அது அவருக்குப் பிடிக்கும்.

2024 பிப்ரவரியில் வால்மார்ட், விஸியோ என்ற டிவி நிறுவனத்தை 230 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது; அந்த ஆண்டு டிசம்பரில் வாங்கியும் முடித்தது. மளிகைக் கடைக்காரருக்கு டிவி கம்பெனி எதற்கு? விஸியோவின் லாபம் பெட்டி விற்பதில் பெரிதாக வரவில்லை. அந்தப் பெட்டியில் ஓடும் விளம்பரத்தில் வந்தது. வால்மார்ட்டிடம், யார் எந்தச் சலவைத் தூள் வாங்குகிறார்கள் என்ற கணக்கு இருக்கிறது. விஸியோவிடம், எந்த வீட்டில் எந்த நிகழ்ச்சி ஓடுகிறது என்ற கணக்கு இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால், ஒரு வீட்டுக்கு விளம்பரம் காட்டி, அந்த வீடு அதன் பிறகு அந்தப் பொருளை வாங்கியதா என்று பார்க்கும் வசதி ஒரே கையில் வந்துவிடுகிறது. நீங்கள் டிவி விற்கவில்லைதான். டிவி விற்பவர்கள்தான் இப்போது உங்கள் சலவைத் தூளுக்கான விளம்பரத்தை விற்க வருகிறார்கள். அதற்கு உங்கள் நிதிப் பிரிவுத் தலைவர்தான் காசோலையில் கையெழுத்துப் போடப் போகிறார். விற்கிறவர்கள் அத்தனை பேரும் ஒரே ஊரில் ஒரே வாரத்தில் கூடுவதை நீங்கள் போய்ப் பார்க்க வேண்டாமா?

இதே விஸியோ பற்றி இன்னொரு தகவலும் கையில் இருக்கட்டும். ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் மக்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை அவர்களுடைய ஒப்புதலின்றித் திரட்டியதாக எழுந்த வழக்கில், 2017-ல் அந்த நிறுவனம் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கும் நியூ ஜெர்சி மாநிலத்துக்கும் 22 லட்சம் டாலர் கட்டித் தீர்த்துக்கொண்டது. 'வீட்டுக்கு வீடு அளந்து காட்டுகிறோம்' என்று யார் சொன்னாலும், அந்தத் தரவு யாருடைய அனுமதியோடு வந்தது, அளந்தது விற்பவரேயா, வெளியாளா என்று கேளுங்கள். நேருக்கு நேர் கேட்கும்போது பதில் சொல்கிறவரின் முகம் மாறுவது தெரியும். மின்னஞ்சலில் அது தெரியாது.

உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமான சேதி வீட்டுச் சாதனங்களின் அரங்குகளில் இருக்கிறது. சலவைத் திரவத்தை மொத்தமாக ஊற்றி வைத்துவிட்டால், துணியின் எடைக்கு ஏற்பத் தானே அளந்து எடுத்துக்கொள்ளும் இயந்திரங்கள் இப்போது சாதாரணமாகிவிட்டன. ஒரு முறைக்கு எவ்வளவு என்பதை இதுவரை வாடிக்கையாளரின் கை தீர்மானித்தது. கை தாராளமாக ஊற்றியது உங்களுக்கு லாபம். இயந்திரம் தாராளம் காட்டாது. சாதனமே பொருள் தீர்ந்ததை அறிந்து ஆர்டர் போடும் வசதியை அமேசான் 2015-லேயே அறிவித்துவிட்டது. அப்படி ஆர்டர் போகும்போது எந்த பிராண்டின் பெயர் முதலில் பதிவாகியிருக்கும்? அதை யார் தீர்மானிக்கிறார்கள், என்ன விலைக்கு? இந்தக் கேள்வியை அந்த அரங்கில் நிற்கும் விற்பனையாளரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்குத் தெரியாது. கூட்டாளி நிறுவனங்களோடு பேசும் பொறுப்பில் இருப்பவர் யார் என்று விசாரித்து, அவரிடம் நேரம் வாங்குங்கள். உங்கள் பயணத்தில் இந்த ஒரு உரையாடல் மட்டும் நடந்தாலே போதும் என்பேன்.

இனி அவருடைய இரண்டாவது கேள்வி: எல்லாம் இணையத்தில் வருகிறதே.

மேடை உரைகளைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. அதற்காகப் போகாதீர்கள். வரிசையில் நின்று உள்ளே போய், மூன்றாவது திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, யாரோ ஒரு தலைவர் கறுப்புச் சட்டையில் எதிர்காலத்தை அறிவிப்பதைக் கேட்பதைவிட, வீட்டில் இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது உத்தமம். ஆனால் மாநாட்டையே இணையத்தில் நடத்திப் பார்த்துவிட்டார்கள். பெருந்தொற்றால் 2021-ல் சி.இ.எஸ். முழுக்க இணையவழியில்தான் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 1,70,000-க்கும் மேற்பட்டவர்கள் நேரில் வந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு, 2022-ல், தொற்று மறுபடி தலைதூக்கியதால் ஒரு நாளைக் குறைத்து நடத்தினார்கள். வந்தவர்கள் 45,000 அளவில்தான். 2025-ல் எண்ணிக்கை மறுபடி 1,40,000-ஐத் தாண்டிவிட்டது. இணையமே போதுமென்றால் இத்தனை பேர் சொந்தச் செலவில் திரும்பி வந்திருக்க மாட்டார்கள்.

எதற்காக வந்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் இருக்கும். மார்க்கெட்டிங் செய்கிறவருக்கான காரணமாக நான் நினைப்பதைச் சொல்கிறேன். கேமரா மேடையைப் பார்க்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது எதிரே நிற்கிறவர்களை.

நம் வேலை என்ன? ஒரு பொருளைப் பற்றி எதுவும் தெரியாத, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லாத ஒருவரை நிறுத்தி, அரை நிமிடத்தில் அவருக்கு அதில் ஓர் அக்கறையை உண்டாக்குவது. இதை ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கூரையின் கீழ், ஒரே நேரத்தில், கண்ணெதிரே முயன்று பார்க்கும் இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. விளம்பரம் வெளியான பிறகு வரும் அறிக்கையில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்தான் இருக்கும். எந்த வாக்கியத்தில் காலை நகர்த்தினார்கள், எந்த வாக்கியத்தில் திரும்பி வந்தார்கள் என்பது இங்கேதான் தெரியும்.

இதைப் பார்க்கச் சிறந்த இடம் யுரேகா பார்க். புதிதாகத் தொடங்கிய சிறு நிறுவனங்களுக்கென்று 2012-ல் ஏற்படுத்திய பகுதி. ஒரு மேசை, ஒரு பலகை, பின்னால் தூக்கமில்லாத ஒரு நிறுவனர். பெரிய திரையோ, பிரபலமோ, இலவசப் பையோ இல்லை; சொல் மட்டும்தான். ஏதாவது ஒரு மேசையைத் தேர்ந்துகொண்டு, பக்கத்தில் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியை விட்டுவிடுங்கள், "இது என்ன?" என்பதுதான் அது. இரண்டாவது கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். "மின்சாரம் போனால் என்ன ஆகும்?" "குழந்தை கை வைத்தால்?" "இந்தப் படங்களை எல்லாம் யார் பார்ப்பார்கள்?" "மாதாமாதம் காசு கட்ட வேண்டுமா?" வெவ்வேறு மனிதர்கள் ஒரே இரண்டாவது கேள்வியைக் கேட்கிறார்கள் என்றால், அந்தப் பொருளுக்கான விளம்பரம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நிறுவனரின் பலகையில் பெரும்பாலும் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. இந்தப் பழக்கத்தோடு ஊர் திரும்பினால், உங்கள் சலவைத் தூள் அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதையும் அதே கண்ணோடு படிப்பீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் நாள் காலையில் அரங்கில் நிற்பவர்கள் தலைமை அலுவலகம் எழுதிக்கொடுத்ததை ஒப்பிப்பார்கள். பொருளின் நோக்கம், நிறுவனத்தின் கனவு, மூன்று தூண்கள் என்று நீளும். மூன்றாம் நாள் அதே அரங்குக்கு அதே ஆளிடம் போங்கள். தொண்டை கட்டியிருக்கும், கால் வலிக்கும், கனவெல்லாம் உதிர்ந்திருக்கும். எது எடுபடுகிறதோ அதை மட்டும் சொல்வார். பல லட்சம் செலவழித்து ஏஜென்சி எழுதிய வாசகத்தை, வந்துபோன கூட்டம் இரண்டே நாளில் திருத்தி எழுதியிருக்கும். முதல் நாள் சொன்னதையும் மூன்றாம் நாள் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அரங்குகளுக்கு வெளியிலும் நம் பாடம் நடக்கிறது. 2018-ல் கூகுள், ஊருக்குள் ஓடும் மோனோரயில் முழுவதும் பேச்சுக்குப் பதில் சொல்லும் தன் மென்பொருள் உதவியாளரை அழைக்கும் சொற்களை ஒட்டிவைத்தது. அந்த ஆண்டு அதன் அரங்கு திறந்தவெளியில், வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தது. முதல் நாளே மழை கொட்டியதால் மூட வேண்டியதாயிற்று. மழை பெய்தாலும் ரயில் ஓடியது. அதற்கு முந்தைய ஆண்டு அமேசான் பெரிய அரங்கு எதுவும் போடாமலே கூட்டத்தின் பேச்சை அள்ளிக்கொண்டது. காரணம், மற்ற நிறுவனங்களின் பொருள்களுக்குள் எல்லாம் அதன் குரல் உதவியாளரான அலெக்ஸா உட்கார்ந்திருந்தது. 2019-ல் மாநாட்டில் பங்கெடுக்காத ஆப்பிள், ஓர் ஓட்டல் சுவர் முழுவதையும் எடுத்துக்கொண்டு, ஐபோனில் நடப்பது ஐபோனை விட்டு வெளியே போகாது என்று எழுதியது. தரவுகளைத் திரட்டுவதில் போட்டி போடும் அத்தனை நிறுவனங்களும் அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. எரிச்சலூட்டும் அளவுக்குச் சாமர்த்தியம்.

சிறிய பட்ஜெட்காரர்களுக்கான உதாரணம் வேறு மாநாட்டிலிருந்து கிடைக்கிறது. 2007-ல் ஆஸ்டின் நகரின் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில், பிறந்து ஓராண்டுகூட ஆகாத ட்விட்டர், கண்காட்சிக் கூடத்தில் இடம் பிடிக்காமல், ஆட்கள் நின்று பேசும் நடைபாதையில் திரைகளை வைத்தது. அங்கே இருந்தவர்கள் எழுதுவது அங்கேயே ஓடியது. நாளொன்றுக்கு 20,000 ஆக இருந்த பதிவுகள் 60,000 ஆயின. கூட்டம் எங்கே தானாக நிற்கிறது என்று யோசித்த ஒருவரின் வேலை அது.

அங்கே காட்டுவதை எல்லாம் நம்பிவிடவும் கூடாது. 2010-ல் கூடம் முழுக்க முப்பரிமாண டிவி. எல்லாப் பெரிய நிறுவனங்களும் அதுதான் எதிர்காலம் என்றன. வீட்டில் உட்கார்ந்து தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டு டிவி பார்க்க யாரும் தயாராக இல்லை. பார்க்க நிகழ்ச்சிகளும் போதவில்லை. 2017-ல் எல்ஜியும் சோனியும்கூடக் கைவிட்டன. நூறு அரங்குகள் ஒரே சொல்லைச் சொல்வதால் அது மக்களின் ஆசை ஆகிவிடாது. பெரும்பாலும், போட்டியாளர் சொல்கிறாரே என்று சொல்கிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு என்ற சொல் பல் துலக்கும் பிரஷ் வரைக்கும் ஒட்டியிருக்கிறது. அதில் எது நிற்கும் என்று ஜோசியம் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும், "அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் இதை யாராவது வாங்குவார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி அரங்குகளைக் கடந்து போய்விடலாம்.

பெரிய மாற்றம் அந்தக் கூடத்துக்குள்தான் நடக்க வேண்டும் என்பதும் இல்லை. 2007 ஜனவரி 9 அன்று சி.இ.எஸ். லாஸ் வேகஸில் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் ஸ்டீவ் ஜாப்ஸ் சான் பிரான்சிஸ்கோவில் ஐபோனைக் காட்டினார். மாநாடுகளுக்கே ஆயுள் உண்டு. கணினித் துறையின் தலையாய கூட்டமாக 1979-ல் தொடங்கிய காம்டெக்ஸ் 2003-க்குப் பிறகு நடக்கவில்லை. வீடியோ கேம் துறையின் இ3 முடிந்துவிட்டதாக 2023 டிசம்பரில் அறிவித்தார்கள். ஆகவே ஆண்டுதோறும் போய்த்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை சரியாகப் போய்வாருங்கள். அடுத்த ஆண்டு போவதா என்பதை அதன் பிறகு பார்க்கலாம்.

சரியாகப் போவதென்றால், பாதி வேலை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். விளம்பர, ஊடக ஆட்கள் கூடும் பகுதிக்கு சி ஸ்பேஸ் என்று பெயர். ஆரியா ஓட்டலை மையமாகக் கொண்டது. ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள், டிவி தளங்கள், சொந்த விளம்பரப் பிரிவு நடத்தும் சில்லறை வணிக நிறுவனங்கள், ஏஜென்சிகள் எல்லாம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கும். ஆனால் முக்கியமான பேச்சு நடப்பது பொதுக்கூடத்தில் அல்ல, மேல்மாடி அறைகளில். அங்கே நேரம் குறிக்காமல் போக முடியாது. டிசம்பரில் எழுதினால் தாமதம், நவம்பரிலேயே எழுதிவிடுங்கள். ஆண்டுத் தொடக்கம் என்பதால் அவர்களுக்கும் உங்கள் பட்ஜெட்டைப் பற்றிப் பேச ஆசை அதிகம். அந்த ஆசை உங்களுக்குச் சாதகம்.

புறப்படும் முன் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அடிக்கடி வரும் புகார்கள் எவை என்று கேளுங்கள். ஆய்வுப் பிரிவில், 'இது மட்டும் கிடைத்தால்' என்று அவர்கள் ஏங்கும் பொருள் எது என்று கேளுங்கள். முடிந்தால் அந்தப் பிரிவிலிருந்து ஒருவரையே கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் கதையைக் கேட்கும் இடத்தில் அவர் கதையின் ஓட்டையைக் கேட்பார்.

நிதிப் பிரிவுத் தலைவரிடம் 'இத்தனை தொடர்புகள் கொண்டுவருவேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தொடர்புகள் என்பவை மேசை இழுப்பறையில் சேரும் விசிட்டிங் கார்டுகள். இந்தப் பயணத்தின் முடிவில் எந்த மூன்று முடிவுகளை எடுக்க முடியும் என்று எழுதிக்கொடுங்கள். சில்லறை நிறுவனங்களின் விளம்பரத் தளங்களில் இந்த ஆண்டு பணம் போடுவதா? சலவை இயந்திர நிறுவனம் ஒன்றோடு கூட்டுக்குப் போவதா? நம்மிடம் நெடுநாளாகப் பேச்சில் இருக்கும் அந்த 'ஸ்மார்ட்' யோசனையைக் கைவிட்டுவிடுவதா? மூன்றாவதற்கு 'ஆம்' என்ற பதிலோடு வந்தாலே டிக்கெட் செலவு வசூலாகிவிடும். திரும்பிய ஒரு வாரத்துக்குள் இரண்டு பக்க அறிக்கை. புகைப்படங்கள் வேண்டாம், அவை அவரிடமும் இணையத்தில் இருக்கின்றன.

முடிவெடுக்கும் அதிகாரம் உங்களுக்கும் உங்களை அனுப்புகிறவருக்கும் இல்லையென்றால், இவ்வளவும் வீண். அப்போது போகாமல் இருப்பதே மேல். உங்கள் பிரச்சினை வாடிக்கையாளர் தரவு மென்பொருள் என்றால் சி.இ.எஸ். உங்களுக்கான இடமல்ல, சேல்ஸ்ஃபோர்ஸ் சான் பிரான்சிஸ்கோவில் நடத்தும் ட்ரீம்ஃபோர்ஸ் பொருந்தும். கைப்பேசியைச் சுற்றிய தொழில் என்றால் பார்சிலோனாவின் மொபைல் வேர்ல்ட் காங்கிரஸ்.

நடைமுறைக்கு வருகிறேன். சி.இ.எஸ். பொதுமக்களுக்கான கண்காட்சி அல்ல. தொழில்துறையைச் சேர்ந்தவர் என்பதற்குச் சான்று காட்டிப் பதிவு செய்ய வேண்டும். மாநாடு ஒரே கட்டடத்தில் நடப்பதும் இல்லை. மாநாட்டு மையம் ஒரு பக்கம், யுரேகா பார்க் இருக்கும் வெனீஷியன் வளாகம் இன்னொரு பக்கம், ஆரியா வேறொரு பக்கம். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகவே முக்கால் மணி நேரம் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு, ஒரு நாளில் ஒரு வளாகத்துச் சந்திப்புகளை மட்டும் வையுங்கள். புதுச் செருப்பு, புது ஷூ எதுவும் வேண்டாம்.

நான்கு நாளும் தேவையா என்று கேட்டிருந்தீர்கள். முதல் நாள் வீட்டுச் சாதன அரங்குகளில் பேசாமல் நடங்கள், கேட்பது மட்டும். இரண்டாம் நாள் முழுவதும் ஆரியாவில் சந்திப்புகள். மூன்றாம் நாள் காலை யுரேகா பார்க், மதியத்துக்கு மேல் முதல் நாள் பார்த்த அரங்குகளுக்கு மறுபடி ஒரு சுற்று. நான்காம் நாள் பலர் மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள், நீங்களும் கிளம்பிவிடலாம். கூட்டத்தில் நெருங்க முடியாமல் போன சிறு நிறுவனம் ஏதாவது மனத்தில் தங்கியிருந்தால் மட்டும் அன்று நண்பகல் வரை இருங்கள். அந்த நேரத்தில் அவர்கள் மேசையில் கூட்டம் இருக்காது. நிறுவனர் நாற்காலியை இழுத்துப் போட்டு உங்களோடு அரை மணி நேரம் பேசுவார்.